கன்னிவாடி நாத்தனாருக்கு வந்த நோய்

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். ஒய்யம்மாள் விஷயத்தில் அந்தப் பழமொழி செல்லுபடியாகவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் பூம்பாறை முழுவதற்கும் சேர்த்து ஒரே பொய்யாகச் சொன்னாள். அதற்குப் பிறகும் நேரத்துக்குப் பசித்தது, படுத்தால் தூக்கம் வந்தது. பொய்யும் சின்னதுதான். வயிற்றில் புண் வந்தது, பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டேன், மொட்டை போட்டேன், ஆறிவிட்டது. இவ்வளவுதான் அவள் சொன்னது.

புண் வயிற்றில் இல்லை. இடது மார்பில் கட்டி. மதுரையில் மார்பையே எடுத்தார்கள். தையல் ஆறும்வரை கன்னிவாடியில் நாத்தனார் சின்னத்தாயி வீட்டில் கிடந்தாள். பிறகு மருந்து ஏற்றினார்கள். முதல் மருந்து ஏறிய பதினைந்தாம் நாள், சீப்பை வைத்தால் சீப்போடு முடி வந்தது. அவள் கணவன் ராஜமுருகன் அதிகம் வாய் திறக்கிற ஆள் இல்லை. அன்று மட்டும், எப்படியும் போகப்போகிறது, போவதை முருகனுக்கே கொடுத்துவிடுவோம் என்றான். இருவரும் பழனிக்குப் போனார்கள். அடிவாரத்தில் மொட்டை போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். பழனி மொட்டையைப் பார்த்து ஏன், எதற்கு என்று கேட்கிற ஊரா இது? விபூதி இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். ஏழெட்டு மாதம் முடி முளைக்காமல் கிடந்தபோது, மூன்று மொட்டை வேண்டியிருக்கிறேன் என்று கூட ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். ஊர் அவளுடைய பக்தியை மெச்சிக்கொண்டது.

எல்லாம் மகள் துர்காவுக்காகத்தான். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று பெண் கேட்டு வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்று பயந்தாள். வீண் பயம் என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் அவளே தன் தம்பிக்குப் பார்த்த ஒரு பெண்ணை, அம்மாக்காரிக்கு ஏதோ கட்டியாம் என்று சொல்லித் தட்டிக்கழித்தவள்தான். ஊர் வாயை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது, வைகாசி விசாகம் கழிந்த மூன்றாம் நாள் காலையில் அம்சவள்ளி வந்து வாசலில் நின்றாள். மொட்டைத் தலை, தலை நிறையச் சந்தனம், கையில் பஞ்சாமிர்த டப்பா.

அம்சவள்ளி பக்கத்துத் தெரு. நாற்பது வயது. பூண்டு வேலைக்கு ஒய்யம்மாளோடு பத்து வருடமாகச் சோடி போட்டுப் போகிறவள். பெற்றது இரண்டும் ஆண், இரண்டும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கின்றன. வீட்டில் அவளும் கணவன் நாகராஜும்தான். டப்பாவை ஒய்யம்மாள் கையில் திணித்துவிட்டு, ரகசியம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"யக்கா, நீதான் எனக்கு வழி காட்டுனே. தை மாசத்துல இருந்து வலது மார்ல ஒரு கட்டி கெடக்கு. ஒருத்தருக்கும் சொல்லல. ஒன்னய மாதிரியே வேண்டிக்கிட்டேன், விரதம் இருந்தேன், முடி குடுத்துட்டேன். இனிமே கரைஞ்சிரும்ல?"

ஒய்யம்மாள் டப்பாவைத் திண்ணையில் வைத்தாள். அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய், ரவிக்கைக்கு மேலேயே தொட்டுப் பார்த்தாள். கொட்டைப்பாக்கு மாதிரி இருந்தது. அசைத்தால் அசையவில்லை. தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று மனம் தானாக எண்ணியது. இவ்வளவு நாளும் இந்தப் பைத்தியக்காரி தன்னைப் பார்த்துத்தான் சும்மா இருந்திருக்கிறாள்.

அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயும் திறந்தாள். ஆனால் முந்தின வாரம்தான் மேலத்தெரு கந்தம்மாள், தன் அண்ணன் மகன் செல்வமுருகனுக்குத் துர்காவைக் கேட்டு வந்திருந்தாள். பையன் திண்டுக்கல்லில் மின்வாரியத்தில் வேலை. ஆவணியில் நிச்சயம் என்று பேசி வைத்திருந்தார்கள். திறந்த வாயிலிருந்து வேறொன்று வந்தது. சாமி பாதி பார்க்கட்டும், டாக்டர் பாதி பார்க்கட்டும் என்றாள். கன்னிவாடியில் எங்கள் நாத்தனாருக்கும் இதே மாதிரி மார்பில் கட்டி வந்தது, ஆபரேசன் செய்தார்கள், இன்றைக்கு வெங்காயம் அறுக்கப் போகிறாள், மாடு கறக்கிறாள் என்றாள்.

பழைய பொய்க்கு முட்டுக்கொடுக்க ஒரு புதுப் பொய். பாவம் சின்னத்தாயி. தலைவலிக்குக்கூட மாத்திரை முழுங்காதவள் தலையில், ஒரு நொடியில் இவ்வளவு பெரிய நோயை ஏற்றிவைத்துவிட்டாள்.

அம்சவள்ளி தயங்கினாள். நாத்தனார் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டபிறகு ஒத்துக்கொண்டாள். கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மதுரைக்கு எழுதிக்கொடுத்தார்கள். மதுரையில் படம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில் கட்டிக்குள் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த அறை வாசலில் அம்சவள்ளி ஒய்யம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊசி குத்துவது அவ்வளவாகத் தெரியாது, மரத்துப்போக மருந்து போடுவார்கள், ஆனால் ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி டக்கென்று ஒரு சத்தம் வரும், அதற்குத் துள்ளிவிடாதே என்று ஒய்யம்மாள் சொல்லி அனுப்பினாள். உள்ளே போய்விட்டு வந்த அம்சவள்ளி, நெஞ்சில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, ஒன் நாத்தனார் சத்தத்தைக்கூடவா சொன்னாங்க என்று கேட்டாள்.

அவ ஒரு வாயாடி என்று சொல்லிச் சமாளித்தாள் ஒய்யம்மாள்.

முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். பத்து நாள் என்றால் காலண்டரில் ஒரு விரற்கடைதான். இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் நீளம் தெரியும். இந்த வருடம் மழை பிந்தியதால் நடவும் பிந்தியிருந்தது. ஆனியில்தான் விதைப்பூண்டு உடைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. கொட்டகையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, பூண்டைப் பல் பல்லாகப் பிரிக்க வேண்டும். தோல் கிழியாமல் பிரிக்க வேண்டும், கிழிந்த பல் மண்ணுக்குள் அழுகிவிடும். அம்சவள்ளி கைக்கு வேலை தெரியும், ஆனால் அந்தப் பத்து நாளும் கை அவள் சொன்னதைக் கேட்கவில்லை. பாதிப் பல்லைக் காயப்படுத்தினாள். திடீரென்று எழுந்து வெளியே போவாள், பஸ் போகிற ரோட்டைப் பார்ப்பாள், திரும்பி வருவாள், மறுபடி எழுந்துவிடுவாள். வீட்டில் ஒரே நாளில் பானை, சட்டி, பரண் எல்லாவற்றையும் இறக்கிக் கழுவினாளாம். கழுவி முடித்து மறுநாளும் இறக்கினாளாம். நாகராஜ் அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்து, முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

ஊருக்குள் போன் சரியாக எடுக்காது. மேலே ரோட்டு வளைவில் ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் ஏறி நின்றால் சிக்னல் வரும். மதியச் சோற்று நேரத்தில் இருவரும் தூக்குவாளியோடு அங்கே போய்விடுவார்கள். பத்து நாள் கழித்துத்தான் கூப்பிடுவார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டாம் நாளே போய் உட்கார்ந்தார்கள். கீழே படிப்படியாகத் தோட்டங்கள் கிடந்தன, அம்சவள்ளி கண் அதில் எதிலும் நிற்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு கோடு இரண்டா, மூன்றா என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

அங்கேதான் அவள் கேள்விகள் கேட்டாள். நாத்தனார் எப்படித் தூங்கினார்? தூங்கவில்லை, என்றாள் ஒய்யம்மாள். முதல் நாலு நாள் கண்ணை மூடினால் சாவுதான் வந்தது, பிறகு உடம்பு அசந்துபோய்த் தானாகத் தூங்கியது. புருசன் என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை, முன்பக்கம் பட்டன் வைத்த தன் சட்டை இரண்டைத் துவைத்துப் பையில் வைத்தார், ஆபரேசனுக்குப் பிறகு கையைத் தூக்கி ரவிக்கை போட முடியாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நெஞ்சிலிருந்து ஒரு ட்யூப் தொங்கும், கடைசியில் ஒரு டப்பி இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளத் துணிப்பை ஒன்று தைத்து வைத்துக்கொள்வது நல்லது. கக்கத்துக்குக் கீழே சின்னத் தலையணை வைத்தால் வலி குறையும். முதல் நாள் கண்ணாடி பார்க்கக் கூடாது, மூன்றாம் நாள் பார்க்கலாம்.

சொல்லச் சொல்ல ஒய்யம்மாளுக்குத் தொண்டை லேசானது. மூன்று வருடமாக ஒருத்தரிடமும் பேசாததை எல்லாம் நாத்தனார் பேரில் பேசினாள். கள்ளத்தனம்தான். ஆனால் அந்தக் கள்ளத்தனத்தில் அவளுக்கும் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது, அதை மறைப்பானேன். அம்சவள்ளியும் பாறையை விட்டு இறங்கும்போது ஏறியபோது இருந்ததைவிடத் தெளிவாக இருப்பாள். வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தத் தெளிவு போய்விடும், அது வேறு விஷயம்.

பதினோராம் நாள் போன் வந்தது. நேரில் வரவும், கூட ஒரு ஆளை அழைத்து வரவும் என்றார்கள். கூட ஆளை அழைத்து வா என்றால் என்ன அர்த்தம் என்று ஒய்யம்மாளுக்குத் தெரியும். அம்சவள்ளியிடம் சொல்லவில்லை.

டாக்டரம்மா நயமாகத்தான் பேசினார். கட்டி புற்றுதான், கக்கத்திலும் லேசாகத் தட்டுப்படுகிறது, முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் நல்லது, இப்போதும் ஒன்றும் கைமீறிப் போய்விடவில்லை, எடுத்துவிட்டு மருந்து ஏற்றலாம் என்றார். ஆடி பத்தாம் தேதிக்கு நாள் கொடுத்தார். முன்னாலேயே என்ற ஒரு சொல் ஒய்யம்மாளை ஊசியாய்க் குத்தியது. அம்சவள்ளி சீட்டை வாங்கிக்கொண்டாள். திரும்பும் பஸ் வத்தலக்குண்டைத் தாண்டியபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒன் நாத்தனாரை ஒரு தடவை நான் பாக்கணும்க்கா. பாத்துட்டா தைரியம் வந்துரும்."

நாத்தனார் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றாள் ஒய்யம்மாள். மறுநாள் கேட்டதற்குக் காய்ச்சல் என்றாள். அதற்கு மறுநாள் என்ன சொல்வதென்று தெரியாமல், விடிவதற்கு முன்பே கேரட் தோட்டத்துச் சோலிக்கு ஓடிவிட்டாள். ஆனால் அம்சவள்ளியால் ஓரிடத்தில் இருக்க முடிந்தால்தானே? நேரே ஒய்யம்மாள் வீட்டுக்குப் போய், துர்காவிடம் கன்னிவாடி அத்தை நம்பரைக் கேட்டாள். அம்மாவுக்கு வந்த நோய் துர்காவுக்குத் தெரியும், அதை அத்தை தலையில் கட்டிவிட்ட கதை தெரியாது. கொடுத்துவிட்டாள். அம்சவள்ளி பாறை மேல் ஏறி நின்று கூப்பிட்டாள்.

சின்னத்தாயிக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தி போனில் வந்து, உங்களுக்கு மார்பு எடுத்தார்களாமே, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால் யாருக்குத்தான் வராது? எனக்கு ஏன் எடுக்கணும், ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, ஒன் வாயக் கழுவு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அண்ணன் பெண்டாட்டியின் ரகசியத்தை மட்டும் அவள் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

சாயங்காலம் ஒய்யம்மாள் தோட்டத்திலிருந்து வந்தபோது அம்சவள்ளி கொட்டகையில் காத்திருந்தாள். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று பட்டது ஒய்யம்மாளுக்கு.

"பொழச்சவ ஒருத்தியும் கெடையாது. அதான் இல்லாத ஒருத்தியக் காட்டுனே. ஆறுதலுக்குச் சொன்னே, சரி. எனக்கு அறுப்பு வேணாம்க்கா. நீ மூணு மொட்டை போட்டே, நான் ஒண்ணுதான் போட்டிருக்கேன். அதான் கரையல. இன்னும் ரெண்டு போட்டுட்டுப் பாக்கேன்."

ஒய்யம்மாள் அவளுக்கு எதிரே சாக்கில் உட்கார்ந்தாள். முடி முளைக்காத நாளில் வாய்க்கு வந்தபடி சேர்த்துவிட்ட ஒரு வரியை, இவள் வேதமாக எடுத்து வைத்திருக்கிறாள். இன்னும் இரண்டு மொட்டை என்றால் முடி வளர்ந்து எடுக்க இன்னும் ஒரு வருடம். ஒரு வருடத்தில் கொட்டைப்பாக்கு என்னவாகும்? துர்கா முகம், கந்தம்மாள் முகம், நிச்சயத்துக்கு எடுத்து வைத்த பச்சைப் பட்டு எல்லாம் ஒரு கணம் கண் முன் வந்தன. அந்தக் கணத்துக்காக அவள் பிற்பாடு வெட்கப்பட்டாள்.

எழுந்துபோய்க் கொட்டகைக் கதவைச் சாத்தினாள். முந்தானையை இறக்கி ரவிக்கை ஊக்கைக் கழற்றினாள். உள்ளாடையின் இடது பக்கத்திலிருந்து சின்னத் துணிப்பை ஒன்றை எடுத்துச் சாக்கின் மேல் வைத்தாள். உள்ளே கடுகு. பஞ்சு வைத்தால் கனம் இல்லாமல் ஏறிக்கொள்கிறது என்று அவளே தைத்துக்கொண்டது. பை இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. சப்பையான தோலும், நெஞ்சுக் குழியிலிருந்து கக்கம்வரை சாய்வாக ஓடிய தழும்பும்தான் இருந்தன.

"நாத்தனாருக்கு இல்ல. எனக்குத்தான். நான் பொழச்சுத்தான் கெடக்கேன், பாத்துக்க."

அம்சவள்ளி கிட்டே வந்தாள். தழும்பின் மேல் விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கொண்டுபோனாள். அவள் கண் நிறைந்தது. உசுரோட இருக்கே, உசுரோட இருக்கே என்று இரண்டு தடவை சொன்னாள். ஒய்யம்மாளும் அழுதாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட நினைத்தாள். அப்போதுதான் அம்சவள்ளியின் விரல் நின்றது.

அப்போ முருகன் கரைக்கவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றாள் ஒய்யம்மாள். முடி மருந்தால் போனதா? ஆமாம். அம்சவள்ளி கையை எடுத்துக்கொண்டாள்.

"நாலு மாசமா நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு தேடிக்கிட்டுக் கெடந்தேன். ஒங்களுக்கு ஆறுனது எனக்கு ஏன் ஆறலன்னு. விளக்கு அணைஞ்சதுக்கு அழுதேன். விரதத்துல ஒருநாள் மறந்து முட்டை தின்னுட்டேன்னு, அதுக்கு வாயில சூடு வச்சுக்கிட்டேன். ஊரெல்லாம் பாக்குறது ஒங்க மொட்டையத்தானுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க வர வேணாம்ங்க."

பத்து வருடத்தில் அவள் ஒய்யம்மாளை நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. திட்டியிருந்தால் மூன்று நாளில் மறந்திருக்கும். இந்த மரியாதையை ஒய்யம்மாளால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு நாள் வரும்வரை ஒய்யம்மாள் பட்ட பாடு இருக்கிறதே, அது அம்சவள்ளி பட்டதற்குக் குறைந்ததில்லை. அவள் வீட்டு வழியே நாலு தடவை நடப்பாள், உள்ளே போக மாட்டாள். பாறைக்குத் தனியாகப் போய் உட்கார்ந்து, யாருக்கும் போன் செய்யாமல் திரும்புவாள். ட்யூப் டப்பிக்குத் துணிப்பை தைத்தாள், கொடுக்க முடியாமல் பரணில் போட்டாள். ராத்தூக்கம் போயிற்று. பழமொழி மூன்று வருடம் பிந்தினாலும் வந்து சேர்ந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும், சோறு இறங்கவில்லை. இதற்குள் ஊருக்கும் விஷயம் கசிந்துவிட்டது. அம்சவள்ளிக்கு மார்பில் கட்டியாம், மொட்டை போட்டும் கரையவில்லையாம். ஒய்யம்மாளுக்கு ஆறியது இவளுக்கு ஏன் ஆறவில்லை என்று குழாயடியில் ஆராய்ச்சி நடந்தது. ஒய்யம்மாள் காது படவே நடந்தது. அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு பேசாமல் வந்தாள்.

ஆடி எட்டாம் தேதி நாகராஜ் வந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தது அவனுக்குத் தெரியாது. பெண்கள் வார்டில் ஆம்பளையைத் தங்க விடமாட்டார்களாம், கூட இருக்கப் பொம்பளை ஆள் வேண்டுமாம், அவளைக் கேட்டால் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள், உங்களை விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று நின்றான். ஒய்யம்மாள் பையை எடுத்து வைத்தாள். துர்காவைக் கூப்பிட்டு, நான் ஒருவேளை வாயை அடக்காமல் இருந்துவிடுவேன், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டாள். போயிட்டு வாம்மா என்று மட்டும் துர்கா சொன்னாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று ஒய்யம்மாளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் ஏறினார்கள். பனி இறங்கிக் கண்ணாடியெல்லாம் நீர் வடிந்தது. நாகராஜ் முன்னால் டிரைவர் பக்கம் போய்விட்டான். அம்சவள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் பையைப் பக்கத்துச் சீட்டில் வைத்துக்கொண்டாள். நீங்க முன்னாடி எடமிருந்தா உக்காருங்க என்றாள். முன்னாடி இடம் இல்லை. ஒய்யம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேலத்தெரு நிறுத்தத்தில் கந்தம்மாள் ஏறினாள். கொடைக்கானலில் பேங்க் வேலை இருந்ததாம். பின்னாடி சீட்டில் இருந்த யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அம்சவள்ளியின் தலையில் முளைத்திருந்த அரை விரல் முடியைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், உச்சுக்கொட்டினாள். மனசு கெட்டவள் என்று சொல்ல முடியாது. நினைத்ததைப் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொல்கிற பழக்கம், அவ்வளவுதான்.

"ஆஸ்பத்திரிக்காம்மா? பழனியாண்டிகிட்டப் போயிட்டு வந்துமா கரையல? இந்தா நிக்கிறாளே, இவளுக்கு எப்பேர்ப்பட்ட புண்ணு, தண்ணியா ஆறிப்போச்சே. நீ என்ன குறை வச்சியோ தாயி."

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்சவள்ளி ஒய்யம்மாளைப் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் வடிந்த நீரை விரலால் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். காட்டிக்கொடுக்க நினைத்திருந்தால் ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை. குறை வைத்தவள் என்ற பேரையும் சுமந்துகொண்டு, அறுவைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒய்யம்மாள் கந்தம்மாள் பக்கம் திரும்பினாள். கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"மதினி, அவ ஒரு குறையும் வைக்கல. எனக்கு வந்தது வயித்துப் புண்ணு இல்ல. அவளுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துச்சு. மொட்டையில ஆறல. மதுரையில மாரை எடுத்தாங்க. மருந்துல முடி கொட்டுச்சு, கொட்டப்போற முடியத்தான் நான் சாமிக்குக் குடுத்தேன். பொய் சொன்னது நான். என் பொய்ய நம்பித்தான் இவ நாலு மாசம் வீட்டுல கெடந்தா."

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தியிருந்தார். கந்தம்மாள் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. முதலில் நம்பவில்லை, பிறகு நம்பினாள், பிறகு அவளுக்குத் துர்கா ஞாபகம் வந்தது. அது வந்ததை ஒய்யம்மாள் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, எங்க அண்ணன்கிட்ட நான் இப்ப என்னத்தச் சொல்றது என்று கேட்டாள் கந்தம்மாள்.

"இதையேதான் சொல்லுங்க," என்றாள் ஒய்யம்மாள். "வேற மாதிரி சொல்லிராதீங்க."

கந்தம்மாள் தலையை ஆட்டினாள். சரி என்றா, முடியாது என்றா என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகளுக்கு என்ன செய்துவிட்டோம் என்ற பயமும், செய்துவிட்டோம் என்ற நிம்மதியும் ஒன்றாக வந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் ஒய்யம்மாள் நின்றாள். பஸ் வளைவில் சாய்ந்தது. பிடி நழுவி, பக்கத்துச் சீட்டுக் கம்பியில் மோதினாள்.

"யக்கா, நிக்காத. விழுந்து கிழுந்து வைக்காத. இங்க வந்து உக்காரு."

அம்சவள்ளி பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒய்யம்மாள் உட்கார்ந்தாள். மன்னவனூர் போகிற பஸ் எதிரில் வந்து, இரண்டும் ஒதுங்கி ஒதுங்கிக் கடந்தன. கோபம் போய்விட்டதா என்று ஒய்யம்மாளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது. அம்சவள்ளி சேலையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். அப்புறம் முன்னால் பார்த்தபடியே, அந்த ட்யூபை உருவும்போது வலிக்குமா என்று கேட்டாள்.

"எனக்கு வலிச்சுச்சு," என்றாள் ஒய்யம்மாள். "பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும். நான் பக்கத்துல நின்னு எண்ணுறேன்."